பத்தாவது விண்ணப்பத்தில் அப்பா

காரைக்குடியில் துப்பறியும் தொழில் என்றால் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரிப்புதான். பையன் குடிப்பானா, சொன்ன சம்பளம் நிஜமா, சிங்கப்பூரில் ஏற்கெனவே ஒரு குடும்பம் ஓடிக்கொண்டிருக்கிறதா. இந்த மூன்று கேள்விகளை வைத்தே தேனம்மை ஆச்சி கொப்புடையம்மன் கோயில் பக்கம் ஒரு மாடியில் ஆபீஸ் நடத்திக்கொண்டிருந்தாள். ஆச்சி என்றதும் பல் விழுந்த பாட்டியை நினைத்துவிட வேண்டாம். நகரத்தார் வீடுகளில் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால் ஆச்சிதான். நம் ஆச்சிக்கு நாற்பத்தைந்து வயது, நல்ல கண் பார்வை, மோசமான பொறுமை.

அன்று காலை படியேறி வந்த பெண் மாப்பிள்ளை விசாரிக்க வந்தவளில்லை. பிளஸ் டூ முடித்து இன்னும் கல்லூரி சேராத வயது. தலை வாரவில்லை. ஒரு காலில் அவள் செருப்பு, இன்னொரு காலில் அவள் அம்மாவின் செருப்பு. வந்தவள் நாற்காலியில் உட்காராமல் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கப்பாவைக் காணோம் ஆச்சி. செத்துப் போயிருவாரோன்னு பயமா இருக்கு."

பெயர் தீபலட்சுமி. அப்பா சின்னச்சாமி, அம்மா செந்தாமரை, வீடு கழனிவாசல் பக்கம். அப்பா என்ன செய்கிறார் என்று ஆச்சி கேட்டதற்கு, பிசினஸ் என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

ஆச்சியின் உதவியாளன் அருள்பாண்டி அதுவரை சும்மா இருந்ததே பெரிய விஷயம். முப்பது வயது, சொந்த ஆட்டோ, ஊரில் ஆள் தெரியாத சந்து கிடையாது. கடவுள் அவனுக்கு எல்லாம் கொடுத்துவிட்டு வாய்க்கு மட்டும் பிரேக் வைக்க மறந்துவிட்டார். "அட, ஐஸ் பெட்டி சின்னச்சாமி அண்ணன் மகளா நீ? எங்க சித்தப்பா செத்தப்ப உங்கப்பாதானே பெட்டி கொண்டாந்து வச்சாரு. நல்ல கூலிங்கு."

பெண்ணின் முகம் செத்துப்போனது. ஆச்சி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவன் சம்பளத்தில் பிடித்தம் என்று அர்த்தம்.

மிச்சத்தைப் பெண் அழுதுகொண்டே சொன்னாள். நேற்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார். படுக்கப் போகும்போது அவள் தலையைத் தடவி, "நான் இல்லைன்னாலும் நீ படிச்சுருவேல்ல தாயி?" என்று கேட்டார். அவள் தூக்கக் கலக்கத்தில் ம் என்று சொல்லிவிட்டாள். விடிந்து பார்த்தால் ஆளைக் காணவில்லை. அவர் தொழிலுக்கு நேரம் காலம் கிடையாது, நடுச்சாமத்தில்கூட எழுந்து போவார். ஆனால் போனை வைத்துவிட்டுப் போனதில்லை. சாவு வீட்டிலிருந்து வருகிற போனில்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது.

"அம்மா எங்க?" என்றாள் ஆச்சி.

"ஊருணியைச் சுத்திச் சுத்தி வருது. எந்தக் கரையிலயாவது அப்பா செருப்பு கெடக்குதான்னு பாத்துக்கிட்டு."

அருள்பாண்டி சட்டென்று எழுந்தான். ஆட்டோ சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டான்.

கழனிவாசலில் அவள் வீட்டுத் தெருமுனை வேப்பமரத்தடியில் ஓர் அமரர் ஊர்தி நின்றுகொண்டிருந்தது. கறுப்பு வண்டி, கண்ணாடியெல்லாம் திரை. அருள்பாண்டி நெஞ்சைத் தொட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பினான். "வந்த வேலை விளங்குனாப்புலதான். நல்ல சகுனம்." பின்சீட்டில் இருந்த தீபலட்சுமியும் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு அது இன்றைக்கு வந்த பழக்கமில்லை. ஆச்சி மட்டும் அதைக் கடந்த பிறகும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

வீடு சின்னது. தெருவைப் பார்த்த முன்னறை, அதற்குப் பின்னால் ஒரு அறை, அடுப்படி. வாசலில் அப்பாவின் செருப்பு இல்லை. முன்னறை ஆணியில் தொங்கும் சட்டை இல்லை. ஜன்னல் திட்டில் இருக்கும் ஷேவிங் செட்டும் முகம் பார்க்கும் கண்ணாடியும் இல்லை. மூலையில் குடை இல்லை. சுவரில் ஒரு படம் மாட்டியிருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. போன வருஷம் அத்தை மகள் கல்யாணத்தில் அப்பாவைத் தனியாக நிறுத்தி எடுத்த படம் அது என்றாள் தீபலட்சுமி.

பின்னறைப் பீரோவைத் திறந்தால் அவருடைய வேட்டி சட்டையெல்லாம் மடிப்புக் கலையாமல் இருந்தன. சர்க்கரை மாத்திரை அட்டை அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் பெண் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாத்திரை வேண்டாம் என்று போகிறவன் எங்கே போவான் என்று அவள் மனசு ஓடிவிட்டது.

"போன் எங்க இருந்துச்சு?"

"சார்ஜுல."

ஆச்சி போனை வாங்கிப் பார்த்தாள். நூறு சதவீதம். "சாகப் போறவன் போனைச் சார்ஜுல போட்டுட்டுப் போகமாட்டான். வீட்டை விட்டு ஓடுறவன் துணிமணியைப் பீரோவுல விட்டுட்டுப் போகமாட்டான். இவரு ரெண்டுலயும் சேத்தியில்ல."

"ஒருவேளை குடையும் கண்ணாடியும் மட்டும் போதும்னு சாமியாராப் போயிருப்பாரோ ஆச்சி? சேவிங் செட்டு எடுத்துட்டுப் போயிருக்காரு, அதான் இடிக்குது," என்றான் அருள்பாண்டி.

ஆச்சி முன்னறை நடுவில் நின்று மெதுவாக ஒரு சுற்று சுற்றினாள். இத்தனை வருஷம் மாப்பிள்ளை வீடு பார்த்தவள். பெண் வீட்டார் வருகிறார்கள் என்றால் அந்த வீடுகளில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பாட்டில் உள்ளே போகும், சாமி படம் வெளியே வரும், எல்லாம் முன்னறையோடு சரி. இங்கேயும் போனதெல்லாம் முன்னறைச் சாமான்தான். உள்ளே எதையும் யாரும் தொடவில்லை.

"யாரோ வாராக," என்றாள். "முன்னறையில உக்காந்துட்டுப் போற ஆளு. அவுக கண்ணுல இந்த வீட்டுல ஒரு ஆம்பளை இருக்கிற அடையாளமே படக்கூடாதுன்னு இவரு எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிருக்காரு. யாரும்மா வாராக?"

யாரும் வருவதாகத் தனக்குத் தெரியாது என்று பெண் சொன்னாள். அது பொய்யில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

ஆச்சி போனைத் திறந்து வாட்ஸ்அப்பில் விரலை ஓட்டினாள். சாவு வீட்டு விலாசங்களுக்கு நடுவில் வரிசையாகக் கல்லூரிச் செய்திகள். எல்லாம் இங்கிலீஷில், எல்லாம் தீபலட்சுமியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஏதோ பிறந்ததிலிருந்தே அவளைத் தெரிந்த மாதிரி. வீட்டில் இருப்பது இந்த ஒரு போன்தான், அதனால் எல்லா விண்ணப்பத்திலும் இந்த நம்பர்தான் என்றாள் பெண்.

ஆச்சி ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். ஒரு கல்லூரி விவசாயி மகளே வருக என்று எழுதியிருந்தது. இன்னொன்று, உன்னைப் போல வியாபாரக் குடும்பத்துப் பெண்களுக்கு எங்கள் வணிகவியல் துறை தாய்வீடு என்றது. ஒன்றில் சின்னச்சாமி டிராவல்ஸ் வைத்திருந்தார். ஒன்றில் கட்டட மேஸ்திரி. ஒன்றில் கல்யாணச் சமையல்காரர்.

அருள்பாண்டி எட்டிப் பார்த்தான். "நம்ம மாப்பிள்ளைக எவ்வளவோ தேவலை ஆச்சி. ஒரு பொய்யோட நிறுத்திக்குவாக."

தீபலட்சுமிக்குக் கோபம் வந்தது. அழுகைக்கு நடுவில் வந்த கோபம், அதனால் குரல் உடைந்தது. "ஒவ்வொரு காலேஜுக்கும் தனித்தனியா, நம்மளைப் பத்திச் சொந்தமா எழுதணும்னு சொன்னாக. எல்லாத்துக்கும் ஒண்ணுபோல எழுதுனா தள்ளிருவாகளாம். சரி, எழுதுறேன். ஆனா எங்க வீட்டு விசயம் பூராவும் முன்னப்பின்ன தெரியாதவுகளுக்கு எதுக்குத் தெரியணும்? ஒரு காலேஜுக்கு நம்பர் குடுத்தா ஊர்பட்ட ஏஜென்ட்டு கூப்புடுறான். அப்பா என்ன செய்றாருங்கிறது என் சொந்த விசயம். அதான் தோணுனதை எழுதுனேன்."

அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆச்சி தலையாட்டினாள்.

"எத்தனை காலேஜுக்குப் போட்ட?"

"பத்து."

"இங்க ஒம்பதுதான் இருக்கு."

பெண் போனை வாங்கி மேலும் கீழும் தேடினாள். மதுரைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் செய்தியை மட்டும் காணோம். அவள் உயிரை வைத்திருந்த கல்லூரியே அதுதான். நுண்ணுயிரியல் படிப்பு அங்கேதான் இருந்தது, தகுதியான பிள்ளைகளுக்கு முழுக் கட்டணமும் விலக்கு. மற்ற ஒன்பதில் எதில் கூப்பிட்டாலும் பணம் கட்டி அவளைச் சேர்க்க அப்பாவால் முடியாது.

"அங்கிருந்து வர்ற மெசேஜ் எந்தப் பாசையில வரும்?"

"பெத்தவுகளுக்குப் புரியணும்னு அவுக மட்டும் தமிழ்ல அனுப்புவாக."

"உங்கப்பா இங்கிலீசு வாசிப்பாரா?"

பெண் இல்லை என்று தலையசைத்தாள். அசைத்தபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்பாவால் படிக்க முடிந்த ஒரே செய்தி அதுதான். அதைத்தான் அவர் அழித்திருக்கிறார்.

"அந்தப் பத்தாவதுல உங்கப்பாவை என்னன்னு எழுதுன?" என்றாள் ஆச்சி.

"ஞாபகம் இல்ல ஆச்சி."

இது பொய். ஆச்சி பொய்யிலேயே சோறு தின்கிறவள். ஆனாலும் அப்போதைக்கு விட்டுவிட்டாள். சுவரில் இருந்த வெள்ளைக் கட்டத்தைப் பார்த்தாள். தன் படத்தைத் தானே கழற்றிக்கொண்டு விடிவதற்கு முன்னால் ஓர் ஆள் எங்கே போவான்? ஒளித்துவைக்க என்றால் பீரோவே போதும்.

"சாவு வீட்டுக்குப் படம் போட உங்கப்பா எந்தக் கடைக்குப் போவாரு?"

கார்த்திகேய சிவத்தின் பிரேம் கடையில் கண்ணாடி அறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நெற்றி நிறைய விபூதி, காதில் பென்சில். சின்னச்சாமி வந்தாரா என்று ஆச்சி கேட்டதும் வேலையை நிறுத்தாமலே பேசினார். வந்தார். விடியக் கருக்கலிலேயே ஷட்டரைத் தட்டினார். சாவு வேலை காத்திருக்காது என்பதால் எழுந்து செய்து கொடுத்தேன் என்றார். பெரிய பிரேம், சந்தன மாலை, சின்ன சிவப்பு பல்பு.

"யாரு படம்?"

"யாரோ செத்துப்போனவுக. ஐஸ் பெட்டி அண்ணன் படம் கொண்டாந்தா வேற யாரா இருக்கும்? தெனமும் ஒரு முகம் வருதும்மா. நான் முகத்தைப் பாக்கிறதை விட்டு வருசக்கணக்காச்சு. அளவைத்தான் பாப்பேன்."

ஆச்சி அவருடைய கம்ப்யூட்டரைத் திறக்கச் சொன்னாள். திரையில் வெள்ளைச் சட்டையோடு சின்னச்சாமி சிரித்துக்கொண்டிருந்தார். கார்த்திகேய சிவம் கையில் இருந்த கண்ணாடித் துண்டைக் கீழே வைத்துவிட்டு, அந்த முகத்தை முதல் தடவையாகப் பார்த்தார். "ஆத்தி," என்றார். 

தீபலட்சுமி கடை வாசலிலேயே சரிந்தாள். தலையைத் தரையில் முட்டிக்கொள்ளப் போனவளை அருள்பாண்டி பிடித்துக்கொண்டான். நான் ம்னு சொல்லிட்டேன், நான் இல்லைன்னாலும் படிச்சுருவியான்னு கேட்டாரு, நான் ம்னு சொல்லிட்டேன் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அருள்பாண்டி ஆச்சியைப் பார்த்தான். அவனுக்கும் கண் கலங்கியிருந்தது.

ஆச்சி மட்டும் திரையை விட்டு நகரவில்லை. படத்துக்கு அடியில் தோற்றம் என்று ஒரு தேதி, மறைவு என்று ஒரு தேதி. அவள் திரைப் பக்கம் குனிந்து வாசித்தாள். பிறகு இன்னொரு தடவை வாசித்தாள்.

"ஏம்மா, எந்திரி. உங்கப்பா சாகல. சாகவும் போறதில்ல."

"படத்துக்கு மாலை போட்டாச்சு ஆச்சி," என்றான் அருள்பாண்டி மெல்ல.

"மறைவுங்கிற தேதியைப் பாரு. மூணு வருசத்துக்கு முந்துன தேதி. இன்னைக்குச் சாகப் போறவன் இன்னைக்குத் தேதியைப் போடுவான், இல்ல தேதியே போடமாட்டான். இவரு மூணு வருசம் முன்னாடியே செத்த ஆளா இருக்கப் பாக்குறாரு. புதுச் சாவுன்னா வர்றவுக எப்படி ஆச்சு, என்ன ஆச்சுன்னு கேப்பாக. பழைய சாவுன்னா படத்தைப் பாத்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்குவாக, ஒரு கேள்வி வராது. அது தொழில் தெரிஞ்சவனுக்குத்தான் தெரியும்."

அப்போது தீபலட்சுமியின் கையில் இருந்த போன் அடித்தது. புது நம்பர். எடுக்கச் சொல்லி ஆச்சி ஜாடை காட்டினாள். மறுமுனையில் ஒரு பெண்ணின் இதமான குரல். தீபலட்சுமிதானே, நேற்று அனுப்பிய செய்தியைப் பார்த்தீர்களா, நேரில் வந்து விசாரிக்க நாங்கள் கிளம்பி வந்துகொண்டிருக்கிறோம், திருப்பத்தூர் தாண்டிவிட்டோம், அம்மாவை மட்டும் வீட்டில் இருக்கச் சொல்லுங்கள் என்றது. அந்தச் செய்தி தனக்கு அழிந்துபோயிற்று என்று பெண் திக்கினாள். உடனே திரும்ப அனுப்பினார்கள். ஆச்சி வாங்கி உரக்கப் படித்தாள்.

அன்புள்ள தீபலட்சுமி, தந்தையை இழந்த துயரத்திலும் தளராமல் படித்து உயர்ந்த உங்களை வணங்குகிறோம். தந்தையற்ற மாணவியருக்கான முழுக் கட்டண விலக்கில் உங்களுக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. நாளை உங்கள் இல்லத்துக்கு நேரில் வந்து உறுதி செய்வோம்.

 கடைக்காரர் உள்பக்கம் போய்விட்டார்.

"இப்ப ஞாபகம் வந்துச்சா?" என்றாள் ஆச்சி.

வந்தது. எப்போதும் இருந்ததுதான். மற்ற கல்லூரி விண்ணப்பங்களில் அப்பாவின் தொழில் என்று கேட்ட இடத்தில் எதையாவது எழுதினால் போதும். இந்தக் கல்லூரிக்குப் பொய் எழுத அவளுக்கு மனசு வரவில்லை, ஆசைப்பட்ட கல்லூரி. நிஜத்தை எழுதவும் கை வரவில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் குளிருகிறது என்று பெண்கள் நடுங்கிக் காட்டுவார்கள். காலியாக விட்டால் விண்ணப்பம் நகரவில்லை. அப்பா உயிரோடு இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டதும் தொழில் கேட்கும் கேள்வியே காணாமல் போனது. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அப்பா இல்லாத பெண்களுக்கென்று தனியாக ஒரு கட்டண விலக்கு இருப்பதே அவளுக்குத் தெரியாது.

"அப்பா அதைப் பாத்துட்டாரே," என்றாள். "நான் அவரைச் சாகடிச்சதை அவரே வாசிச்சுட்டாரே ஆச்சி."

வழியில் ஊருணிக்கரையில் செந்தாமரையை ஏற்றிக்கொண்டார்கள். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. யாரோ ஒருவருடைய பழைய செருப்பைக் கையில் வைத்திருந்தாள். அது தன் புருஷனுடையது இல்லை என்று தெரிந்தும் கீழே போடவில்லை. சின்னச்சாமி உயிரோடு இருக்கிறார் என்று ஆச்சி சொன்னதற்கு, "காட்டுங்க, நம்புறேன்," என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்குள் முதலில் நுழைந்தவளும் அவள்தான். நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சுவரின் வெள்ளைக் கட்டத்தை மறைத்துக்கொண்டு பெரிய படம். சந்தன மாலை. தலைக்கு மேல் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. செந்தாமரையின் கை தானாகக் கழுத்துக்குப் போய்த் தாலியைப் பிடித்துக்கொண்டது.  

"நம்ம போனதுக்கு அப்புறம் வந்து மாட்டியிருக்காரு," என்றாள் ஆச்சி வேகமாக. "நம்ம உள்ள நுழைஞ்சதையும் கிளம்புனதையும் எங்கயோ இருந்து பாத்திருக்காரு. வீடு காலியாகட்டும்னு காத்துக்கிட்டு இருந்திருக்காரு. தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்ச மனுசன், யாரு கண்ணுலயும் படாம, இந்த வாசலைப் பாத்துக்கிட்டு எங்க இருக்க முடியும்?"

அருள்பாண்டி மொட்டை மாடிகளைப் பார்த்தான். ஆச்சி வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தாள். ஒரு வீட்டில் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. இன்னொரு வீட்டில் டிவி பாடியது.

"அருளு, இந்தத் தெருவுல யாரு செத்தது?"

"யாரும் சாகலையே ஆச்சி. பந்தல் இல்ல, மேளம் இல்ல."

"அப்ப அந்த வண்டி யாருக்காகக் காலையில இருந்து நிக்குது?"

அருள்பாண்டி வேப்பமரத்தடியைப் பார்த்தான். இரண்டு தடவை அந்த வழியாக வந்து இரண்டு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவன் அவன். ஊரே அப்படித்தான் போகும். அமரர் ஊர்திக்குள் எட்டிப் பார்க்க யாருக்குத் துணிச்சல் வரும்?

ஆச்சி போய்ப் பின்கதவைத் திறந்தாள். உடல் வைக்கும் பலகைக்குப் பக்கத்து பெஞ்சில் சின்னச்சாமி உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சள் பை. பைக்குள்ளிருந்து குடையின் காம்பும் கண்ணாடியும் எட்டிப் பார்த்தன. சிநேகிதனிடம் வண்டியை இரவல் வாங்கி வந்திருக்கிறார்.

"கதவைச் சாத்துங்கம்மா," என்றார் தணிந்த குரலில். "இன்னும் கொஞ்ச நேரந்தான். நான் இல்லைன்னு அவுக பாத்துட்டுப் போயிட்டா எம்மக படிச்சுரும். மத்தியானச் சோத்துக்கு நானே வீட்டுக்கு வந்துருவேன்." ஆச்சிக்குப் பின்னால் வந்து நின்ற மகளைப் பார்த்ததும் அவர் முகத்தில் வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. "நல்ல யோசனை தாயி. ஃபீசு கட்ட வக்கில்லாத அப்பன் உசுரோட இருந்து என்ன செய்ய? எனக்குத் தெரிஞ்சா நீ கூச்சப்படுவேன்னுதான் மெசேசை அழிச்சேன். நம்பர் என் நம்பராப் போச்சா, ஆம்பளைக் குரல் கேக்கக்கூடாதுன்னு போனையும் வச்சுட்டு வந்தேன். அம்மாகிட்ட வெவரம் சொல்லலாம்னு பாத்தா அதுக்குள்ள அதைக் காணோம்."

செந்தாமரை வந்தாள். கையில் வைத்திருந்த பழைய செருப்பாலேயே அவர் தோளில் ஓர் அடி போட்டாள். பிறகு அந்தத் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். காலையிலிருந்து அவள் அழுதது அப்போதுதான்.

தெருவுக்குள் ஒரு வெள்ளைக் கார் திரும்பியது. சின்னச்சாமி பதறிப்போய்ப் பெஞ்சுக்கு அடியில் குனிந்தார். போங்க, போங்க என்று கையை ஆட்டினார். மனைவியைத் தள்ளினார், பொட்டை அழி என்று கெஞ்சினார். சீட்டு போயிரும் தாயி, போய் நில்லு என்று மகளிடம் கும்பிட்டார். ஆச்சி ஒதுங்கி நின்றுகொண்டாள். இது துப்பறிகிறவள் முடிவு செய்கிற விஷயமில்லை.

காரிலிருந்து ஒரு கைத்தறிச் சேலை அம்மாள் இறங்கினாள். நல்ல முகம். தீபலட்சுமி அவளை வீட்டுக்குள் அழைத்துப் போகவில்லை. நேராகச் சாவு வண்டிக்கு அழைத்து வந்தாள்.

"இது எங்கப்பா மேடம். பேரு சின்னச்சாமி. சாவு வீடுகளுக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுறாரு. அதை எழுத வெக்கப்பட்டுக்கிட்டு இவரு செத்துட்டாருன்னு நான் டிக் போட்டேன். ஃபீசுக்காக இல்ல. அந்தக் கேள்வி வேண்டாம்னுதான்."

அந்த அம்மாள் பெஞ்சில் ஒடுங்கியிருந்த மனிதரையும் அவர் மடியிலிருந்த பையையும் வெகுநேரம் பார்த்தாள். அப்பா இல்லாத ஒரு பெண்ணுக்குப் போகவேண்டிய இடம் இது, தவறான தகவல் என்று நான் எழுதித்தான் ஆகவேண்டும் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவள் காரில் ஏறிப் போன பிறகும் தீபலட்சுமி அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

சின்னச்சாமி வண்டியை விட்டு இறங்கவில்லை. ஃபீசுக்காக இல்லை என்று மகள் சொன்னது அவருக்குள் இறங்கக் கொஞ்ச நேரம் ஆனது. குடையின் காம்பைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"மத்த ஒம்பது காலேஜுல நான் உசுரோட இருக்கேனா தாயி?"

"இருக்கீங்கப்பா," என்றாள். "ஆனா அதுல எல்லாம் வேற யாரோ ஒருத்தரு."

அவர் தலையை ஆட்டினார். வையவில்லை. வைதிருந்தால் அந்தப் பெண்ணுக்கு மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். அருள்பாண்டி ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்கலாமா என்று பார்த்தான், வாய் வரவில்லை. எனக்குத் தெரிந்து அவன் வாழ்க்கையில் அது நடந்தது அன்றைக்குத்தான்.

அப்போது போன் அடித்தது. தேவகோட்டைப் பக்கத்து நம்பர், தொழில் போன். சின்னச்சாமி பழக்கத்தில் கையை நீட்டினார். போன் மகளிடம் இருந்தது. அந்தப் போனில் வருகிற சாவுச் சேதியை அவள் ஒருநாளும் எடுத்ததில்லை. அடித்தால் அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

அவள் அதைக் காதில் வைத்தாள். தெருவில் வத்தல் கிளறிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்கிற குரலில் பேசினாள்.

"ஐஸ் பெட்டி சின்னச்சாமி மகதான் பேசுறேன். சொல்லுங்க. அப்பா இருக்காரு, குடுக்கிறேன்."